சார்ஜ் ஏறாத பழைய டிராக்டரும், பார்ப்பதற்குக் கொடுக்காத கூலியும்

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இன்ஜினைப் பற்றிக் குறை சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. "வண்டி இரும்பு மாதிரி நிக்குது, பேட்டரிதான் நிக்க மாட்டேங்குது" என்பார்கள். போன வருஷம் டைனமோவுக்குக் காயில் கட்டியாயிற்று. அதற்கு முந்தின வருஷம் புது கட்-அவுட் போட்டாயிற்று. நடுவில் இரண்டு பேட்டரி வாங்கியாயிற்று. இந்த வருஷம் மறுபடியும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இதற்கு ஊரில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்."

இது காரணமே அல்ல. பழைய வண்டியின் சார்ஜிங் அமைப்பு மிக எளிமையானது. ஒரு டைனமோ, ஒரு கட்-அவுட் பெட்டி, ஒரு பேட்டரி, ஏழெட்டு வயர்கள். இதில் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், முதல் தடவையே அந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். பாகம் மாறியிருக்கிறது, பழுது அப்படியே இருக்கிறது. ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை என்று யோசித்தால் விஷயம் மின்சாரத்தைத் தாண்டிக் காசு பக்கம் போகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இது ஏன் பெரிய விஷயம்?

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, முழுக்க முழுக்க விவசாயத்தை நம்பிய பகுதி. சமவெளியில் நெல், கரும்பு, மக்காச்சோளம். கல்வராயன் மலைமேல் சாமை, மரவள்ளி. மூங்கில்துறைப்பட்டில் ஒன்றும் கச்சிராயபாளையத்தில் ஒன்றுமாக இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் டிரெய்லர் நிறையக் கரும்போடு டிராக்டர்கள் இரவும் பகலும் ரோட்டில்தான். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை (முன்பு 68, இப்போது 79) சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாகத்தான் போகிறது. வேகமாக வரும் பேருந்துகளும் லாரிகளும் கார்களும், மெதுவாக நகரும் கரும்பு டிரெய்லர்களும் ஒரே ரோட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இந்த வண்டிகளில் எல்லாம் புதியவை அல்ல. சென்னையில் 1960ல் தொடங்கப்பட்ட டாஃபே தயாரித்த மாஸி பெர்குசன் 1035, 1963ல் தொடங்கிய இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியின் பி-275, எஸ்கார்ட்ஸும் ஃபோர்டும் சேர்ந்து 1971லிருந்து தயாரித்த ஃபோர்டு வண்டிகள் போன்ற பழைய மாடல்கள் தமிழ்நாட்டு வயல்களில் இன்னும் ஓடுகின்றன. இவற்றுக்கான மின்சாமான்கள் பெரும்பாலும் சென்னை பாடியில் 1961ல் வந்த லூகாஸ்-டிவிஎஸ் போன்ற கம்பெனிகளின் வழியாக இங்கேயே தயாரானவை. அதனால்தான் இன்றைக்கும் கார்பனும் ஆர்மேச்சரும் தேடினால் கிடைக்கின்றன.

புது டிராக்டர் வாங்கப் பல லட்சம் வேண்டும். இரண்டு, மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு, தன் நிலத்தை ஓட்டிவிட்டு மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்தில் வாடகைக்கு உழுகிறவருக்கு அந்தப் பழைய வண்டிதான் முதலீடு. "பத்து வருஷம் ஆன டிராக்டரையெல்லாம் அரசாங்கம் உடைக்கச் சொல்லிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023ல் அதைப் பொய் என்று மறுத்தது. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 வருஷம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஆகவே இந்த வண்டிகள் இன்னும் பல வருஷம் ரோட்டில் இருக்கத்தான் போகின்றன. எந்த நிலையில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

பேட்டரி இறங்கினால் என்ன ஆகிவிடும்?

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிமலைப் பக்கம் என்றால் சரிவாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் உருட்டிக் கியர் போட்டு ஸ்டார்ட் செய்வது சகஜம். சமவெளியில் சரிவு கிடையாது. நாலு பேரைக் கூப்பிட வேண்டும், இல்லை இன்னொரு வண்டியை வைத்து இழுக்க வேண்டும். இது தொந்தரவு, அவ்வளவுதான். ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, ஸ்க்ரூடிரைவர். சாவி போட்டு எடுக்கவில்லை என்றால் கீழே நின்றுகொண்டே செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்து ஸ்டார்ட் செய்கிற பழக்கம். வண்டி கியரில் இருந்தால் சுற்ற ஆரம்பித்ததும் முன்னால் பாயும். ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறவர் நிற்பது பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். உலகம் முழுக்க டிராக்டர் ஏறி இறப்பவர்களில் இப்படிச் சாகிறவர்களும் உண்டு. அதனால்தான் பல நாடுகளில் செல்ஃப் மோட்டார் முனைகளுக்கு மேல் மூடி போட்டு, எச்சரிக்கை ஸ்டிக்கரும் ஒட்டுகிறார்கள்.

இரண்டு, விளக்கு. பேட்டரி பலவீனம் என்று தெரிந்த டிரைவர் முதலில் செய்வது விளக்கை அணைப்பதுதான். "நிலா வெளிச்சம் இருக்கு, போயிரலாம்" என்று பின்விளக்கு இல்லாத டிரெய்லர் நெடுஞ்சாலையில் ஏறுகிறது. பின்னால் வரும் பைக்காரருக்குக் கரும்புக்கட்டு தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. இந்த மாதிரி விபத்துச் செய்திகளில் "விளக்கு இல்லாமல் சென்ற டிராக்டர்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். விளக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. பல நேரங்களில் பதில் ஒரு துருப்பிடித்த எர்த் வயராக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேட்டரியை ஒரு வீட்டு வரவு செலவு மாதிரி வைத்துக்கொள்ளலாம். டைனமோ சம்பாதிக்கிறது, விளக்கும் ஹாரனும் செல்ஃபும் செலவு செய்கின்றன.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி காலியாவதில்லை. செல்ஃப் மோட்டார் 250 ஆம்பியர் இழுக்கிறது, 5 விநாடி சுற்றுகிறது என்று வைத்தால்கூட அது 0.35 ஆம்பியர்-மணிதான். 88 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. டைனமோ ஒழுங்காக 10 ஆம்பியர் கொடுத்தால் சில நிமிடத்தில் அதைத் திருப்பி நிரப்பிவிடும்.

பேட்டரியைத் தின்பது விளக்கு. முன்விளக்கு 45 வாட் வீதம் இரண்டு, பின்விளக்கு 5 வாட் வீதம் இரண்டு, பின்னால் வேலை செய்ய ஒரு 35 வாட் விளக்கு. மொத்தம் 135 வாட். 12 வோல்டால் வகுத்தால் 11 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். பாட்டுப் பெட்டியை இதில் சேர்க்கவே இல்லை. (நம் ஊர் டிராக்டரில் பாட்டுப் பெட்டி இல்லாமலா!)

பழைய வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோவின் முழு வெளியீடு 22 ஆம்பியர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அது வேகமாகச் சுற்றும்போது மட்டும்தான். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது டைனமோவிலிருந்து பேட்டரிக்கு ஏறுவது கிட்டத்தட்ட பூஜ்யம்.

இப்போது ஆலை வாசலில் இரவு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். இன்ஜின் ஐடிலில், விளக்கு எரிகிறது. 11 ஆம்பியர் வீதம் மூன்று மணி நேரத்துக்கு 33 ஆம்பியர்-மணி செலவு. பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. திரும்பும்போது ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டினாலும் விளக்குச் செலவு போக மிஞ்சுவது 11 ஆம்பியர்-மணிதான். அதுவும் முழுதாக ஏறாது. நிகரமாக 22 நஷ்டம். மறுநாள் இரவும் அதே கதை. மூன்றாம் நாள் காலை 'டிக்'.

இந்தக் கதையில் டைனமோவில் கோளாறே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் முதலில் கழற்றப்படுவது டைனமோதான்.

பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

திரும்பத் திரும்ப வரும் சார்ஜிங் கோளாறுக்கு மேலே சொன்ன கணக்குக் குறை ஒரு காரணம். மற்றவை இவை:

1. எர்த். டைனமோவின் உடம்பு, கட்-அவுட் பெட்டியின் தகடு, பேட்டரியின் பட்டை வயர் எல்லாம் வண்டியின் இரும்போடு நல்ல தொடுதலில் இருக்க வேண்டும். சேற்றுழவில் தெறிக்கும் சேறும் தண்ணீரும், அதற்குமேல் அடிக்கும் பெயின்டும் இந்தத் தொடுதலைக் கெடுக்கின்றன. காயில் கட்டி அழகாகப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்த டைனமோவை அப்படியே மாட்டினால், அந்தப் பெயின்டே எர்த்தைத் தடுக்கும். கட்-அவுட் பெட்டிக்குச் சரியான எர்த் இல்லையென்றால் அது வோல்டேஜைத் தப்பாக உணர்ந்து தப்பாகவே கட்டுப்படுத்தும்.

2. பெல்ட். தளர்ந்தால் வழுக்கும், லோடு ஏறினால் சார்ஜ் விழும். அதற்காக இறுக்கிக் கட்டினால் வேறு வம்பு. டைனமோவின் பின்பக்கம் இருப்பது பேரிங் அல்ல, வெண்கல புஷ். அதிக இறுக்கத்தில் புஷ் தேய்கிறது, ஆர்மேச்சர் ஆடுகிறது, உள்ளே உரசுகிறது, காயில் எரிகிறது. புதுக் காயில் கட்டினாலும் புஷ் மாற்றாவிட்டால் அடுத்த வருஷமும் இதேதான். நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதுதான் அளவு.

3. கட்-அவுட் பெட்டி. இதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது. இன்னொன்று, இன்ஜின் நின்றதும் பேட்டரிக்கும் டைனமோவுக்கும் உள்ள இணைப்பைத் துண்டிப்பது. இந்த இரண்டாவது பாயின்ட் ஒட்டிக்கொண்டால் இரவு முழுக்கப் பேட்டரி டைனமோவுக்குள்ளேயே காலியாகும். டைனமோ சூடாகும், வயர் கருகும். தீ பிடிக்கவும் வாய்ப்புண்டு. "சார்ஜ் கொஞ்சம் கூடட்டும்" என்று ஸ்பிரிங்கை வளைத்து விடுகிற கைவைத்தியமும் உண்டு. அப்புறம் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், டைனமோ தாங்க முடியாமல் எரியும். பழி மறுபடியும் டைனமோ மேல்.

4. காந்தம் மறந்துபோவது. டைனமோ தன் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்துத்தான் உற்பத்தியைத் தொடங்குகிறது. நெடுநாள் சும்மா நின்ற வண்டியில் அது போய்விடலாம். பேட்டரியை மாற்றி இணைத்தால் திசை தலைகீழாகிவிடும். எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் ஓரிரு தடவை சும்மா தொட்டு எடுத்தால் காந்தம் திரும்பிவிடும். ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் எத்தனை நல்ல டைனமோக்கள் காயில் கட்டப் போயிருக்கும்!

5. சிவப்பு விளக்கை நம்புவது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று நினைக்கிறோம். டைனமோ வண்டியில் அது சொல்வது டைனமோ வோல்டேஜ் உண்டாக்குகிறது என்பதை மட்டும்தான். அந்த மின்சாரம் பேட்டரி வரைக்கும் போய்ச் சேர்கிறதா என்பதை விளக்கு சொல்லாது.

அளந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். வரிசை முக்கியம்.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. முந்தின இரவு 12.6, காலையில் 12.1 என்றால் ராத்திரியில் எங்கோ கசிகிறது, அல்லது பேட்டரியே போய்விட்டது. கட்-அவுட்டுக்குப் போகும் வயரைக் கழற்றி வைத்து இன்னொரு இரவு பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து அதே முனைகளில் அளக்க வேண்டும். 13.8லிருந்து 14.4 வரை நல்லது. 15ஐத் தாண்டினால் அதிகச் சார்ஜ். நின்றபோது இருந்த அளவிலேயே இருந்தால் சார்ஜ் வரவில்லை.

வரவில்லை என்றால், டைனமோவைக் கழற்றாமல் எர்த்தைப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், இன்னொன்று டைனமோ உடம்பில். விளக்கெல்லாம் போட்டு இன்ஜின் ஓடும்போது 0.2, 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

அதுவும் சரி என்றால்தான் டைனமோ. டி, எஃப் இரண்டு வயர்களையும் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் சேர்த்து, அதற்கும் உடம்புக்கும் நடுவில் மீட்டரை வைத்து, இன்ஜின் வேகத்தை மெதுவாக ஏற்ற வேண்டும். வோல்டேஜ் சீராக 20 வரை ஏறினால் டைனமோ நல்லது, அதற்குமேல் வேகம் கொடுக்கக் கூடாது. குற்றவாளி கட்-அவுட்டோ வயரோதான். ஏறவில்லை என்றால் கார்பன், கம்யூட்டேட்டர், அதற்கப்புறம்தான் காயில்.

மொத்தம் அரை மணி நேரம். ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

அப்படியென்றால் ஏன் யாரும் அளப்பதில்லை?

இங்கேதான் காசு விஷயம் வருகிறது. ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கடையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, என்ன ஆச்சு?"

"எர்த் விட்டிருந்துச்சு தம்பி, சுத்தம் பண்ணிட்டேன். முந்நூறு குடு."

"எதுவும் மாத்தலயே, ஒரு வயரைச் சுரண்டுனதுக்கு முந்நூறாண்ணே?"

அதே ஆள் டைனமோவைக் கழற்றி, காயில் கட்டி, மூவாயிரம் கேட்டால் பேரம் பேசிவிட்டுக் கொடுத்துவிடுவார். கையில் ஒரு புதுச் சாமான் தெரிகிறதல்லவா! நாம் சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், அறிவுக்குக் கொடுப்பதில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து "ஊசி வேண்டாம், போய்த் தூங்கு" என்றால் ஏமாந்துபோனதாக நினைக்கிறோமே, அந்த மாதிரிதான்.

விளைவு என்ன? அரை மணி நேரம் அளந்து பார்க்கும் மெக்கானிக்குக் கூலி இல்லை. பார்த்தவுடன் "டைனமோ போயிருச்சு" என்று சொல்கிறவருக்கு வேலை உண்டு, கமிஷனும் உண்டு. நல்லவர்கூட நாளடைவில் இரண்டாவது வழிக்கு வந்துவிடுவார். கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர் நிலை இன்னும் மோசம். டைனமோவைக் கழற்றிப் பையில் போட்டுப் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறார். வண்டி மலையில் நிற்கிறது. கடைக்காரர் முன்னால் இருப்பது டைனமோ மட்டும். எர்த்தும் வயரும் கட்-அவுட்டும் பேட்டரியும் மலைமேல். அவர் எதை அளப்பார்? கையில் இருப்பதைத்தான் சரிசெய்து கொடுப்பார். ஒரு நாள் வேலையும் போய், காசும் போய், பழுது மட்டும் வண்டியிலேயே பத்திரமாக இருக்கும்.

ஆல்டர்நேட்டர் போட்டுவிட்டால்?

"இதெல்லாம் எதற்கு? டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆல்டர்நேட்டர் மாட்டிவிடு" என்பது இப்போது பரவலான ஆலோசனை. பாதி சரி.

1960களில் சிலிக்கான் டையோடு மலிவானதும் உலகம் முழுக்கக் கார்கள் டைனமோவை விட்டு ஆல்டர்நேட்டருக்கு மாறின. காரணம் தெளிவு. ஆல்டர்நேட்டர் ஐடிலிலேயே ஓரளவு சார்ஜ் கொடுக்கும், எடை குறைவு, கார்பன் தேய்மானமும் குறைவு. இரவில் கரும்பு ஏற்றி ஆலை வாசலில் காத்திருக்கும் வண்டிக்கு ஆல்டர்நேட்டர் நியாயமான செலவு. மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி.

ஆனால் கெட்ட எர்த்தோடும் செத்த பேட்டரியோடும் ஆல்டர்நேட்டர் மாட்டினால் அதுவும் சாகும், அதுவும் வேகமாக. சில பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் எர்த் செய்யப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் மாட்டினால் டையோடுகள் நொடியில் காலி. 22 ஆம்பியருக்குப் போட்ட பழைய மெல்லிய வயரிலேயே 35, 40 ஆம்பியரை விட்டால் வயர் சூடாகும். பல ஆல்டர்நேட்டர்களுக்கு அந்தச் சிவப்பு விளக்கின் வழியாகத்தான் ஆரம்ப மின்சாரம் போகிறது, பல்பு ஃபியூஸானால் சார்ஜ் தொடங்காது. டைனமோ காலத்துப் பழக்கமாக, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி "சார்ஜ் வருதா பார்" என்று சோதிப்பதும், ஆல்டர்நேட்டரைக் கழற்றி வைக்காமல் வண்டியில் வெல்டிங் அடிப்பதும் டையோடைக் கொல்லும்.

பகலில் மட்டும் மரவள்ளிக் காட்டில் உழுகிற வண்டிக்கு, சரியாக இருக்கும் டைனமோ தாராளமாகப் போதும். விளக்குகளை எல்இடிக்கு மாற்றினால் செலவே குறைந்துவிடும். 18 வாட் வீதம் இரண்டு விளக்கு போட்டால் 3 ஆம்பியர்தான். பல வண்டிகளுக்கு ஆல்டர்நேட்டரைவிட இது மலிவான வைத்தியம். எது தேவை என்பதையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அளக்காமல் போட்ட ஆல்டர்நேட்டர், அளக்காமல் கட்டிய காயிலைவிட எந்த விதத்திலும் மேல் அல்ல.

என்ன செய்யலாம்?

முதலில் வண்டிக்காரர்கள். "பார்த்ததுக்கு எவ்வளவு?" என்று கேட்டுக் கொடுக்கப் பழக வேண்டும். எதையும் மாற்றாமல் பழுதைக் கண்டுபிடித்த மெக்கானிக்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும், குறைத்து அல்ல. முடிந்தவரை வண்டியையே கடைக்கு ஓட்டிச் செல்ல வேண்டும், அல்லது மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு அழைத்து வர வேண்டும். அந்தப் பயணக்கூலி ஒரு காயில் கட்டும் செலவைவிடக் குறைவு. அளந்த எண்களையும் தேதியையும் மட்கார்டுக்குள் பெயின்டில் எழுதி வைத்தால்கூடப் போதும், அடுத்த தடவை வேறு மெக்கானிக் வந்தாலும் கதை தெரியும்.

அடுத்து ஐடிஐக்கள். 'மெக்கானிக் டிராக்டர்' என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதில் படித்து வெளியே வரும் பையன் புது வண்டியின் சென்சாரைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று மீட்டரை வைத்துத் தேடும் முறை டைனமோவுக்கும் பொருந்தும், நாளைக்கு வரும் மின்சார டிராக்டருக்கும் பொருந்தும். பழைய டைனமோவைத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் வயதாகிக் கடையை மூடுவதற்குள் அவர்களை வகுப்புக்கு அழைத்து இரண்டு நாள் பேச வைப்பது பெரிய செலவில்லை.

மூன்றாவது சர்க்கரை ஆலைகள். கரும்பு டிரெய்லர்களுக்குப் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டும் நிகழ்ச்சிகள் தமிழகத்தில் நடப்பதுண்டு. நல்ல காரியம். அதே நாளில் இரண்டு மெக்கானிக், இரண்டு மல்டிமீட்டர் வைத்து, வரிசையில் நிற்கும் வண்டிகளின் பேட்டரியையும் எர்த்தையும் சார்ஜையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். வண்டிக்கு ஐந்து நிமிடம். எப்படியும் மணிக்கணக்கில் அங்கேதானே நிற்கப் போகிறார்கள்! ஸ்டிக்கர் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தில்தான் மின்னும். டிரெய்லருக்குச் சொந்த விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பேச்சா?" என்று கேட்கலாம். மூவாயிரம், நாலாயிரம் என்று வருஷா வருஷம் போகும் காசு, இரண்டு ஏக்கர்க்காரருக்குச் சின்ன விஷயம் அல்ல. விளக்கில்லாத டிரெய்லரில் மோதியவர் வீட்டுக்கும் அது சின்ன விஷயம் அல்ல. டைனமோவைக் கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் அளக்கட்டும். அந்த அரை மணி நேரத்துக்கு நாம் மனசாரக் கூலி கொடுப்போம். அடுத்த அரவைப் பருவத்துக்குள் இந்த ஒரு பழக்கம் வந்தாலே, கள்ளக்குறிச்சி ரோட்டில் எரியும் பின்விளக்குகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும்.